110 வாரமா, 133 வாரமா? எம்.கே.தியாகராஜ பாகவதர் வாழ்க்கையில் எது தகவல், எது கதை?

‘ஹரிதாஸ்’ படம் சென்னை பிராட்வே தியேட்டரில் எத்தனை வாரம் ஓடியது? கூகுளில் தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் 110 வாரம் என்கிறது. இன்னொன்று 114 என்கிறது. வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளில் 133 வாரம். யூடியூப் வீடியோக்களில் சிலர் ‘மூணு வருஷம்’ என்றே சொல்லிவிடுகிறார்கள்.

ஒரே படம், ஒரே தியேட்டர். ஆனால் நாலு விடை.

படத்தின் கதாநாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதர். தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார் என்று பலரும் சொல்லும் பாடகர், நடிகர். அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்று அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பும் ஒரு இளைஞர் முதலில் போய் நிற்பது விக்கிப்பீடியாவில்தான். அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கல்லூரி அசைன்மென்ட்டில் வரும், ரீல்ஸில் வரும், போட்டித் தேர்வு நோட்ஸிலும் வரும்.

அப்படியானால் அங்கே எழுதுகிறவர் எதை நம்பி எழுத வேண்டும்? பாகவதரின் வாழ்க்கையை வைத்தே பார்க்கலாம். ஏனென்றால் சரிபார்க்காமல் அச்சான வரிகளால் நிம்மதி இழந்த மனிதரும் அவர்தான்.

முதலில் கம்பம் பள்ளத்தாக்கில் இருந்து ஒரு உதாரணம்

தேனிக்காரர்களுக்கு இது புதிதல்ல. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் பிறந்தநாள் எப்போது? ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 2-ல் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். ஆனால் அவர் பிறந்தது 1943 ஜூன் 3. தனக்கு ‘இசைஞானி’ பட்டம் தந்த கலைஞர் கருணாநிதியின் பிறந்தநாளும் ஜூன் 3 என்பதால், தன் பிறந்தநாளை ஒரு நாள் முன்னதாக வைத்துக்கொண்டார். இரண்டு தேதியும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று பிறந்த தேதி, மற்றொன்று கொண்டாடும் தேதி. இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதினால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு தேதி வரும்.

பிறந்த இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ‘தேனி மாவட்டம், பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்தார்’ என்று சர்வசாதாரணமாக எழுதுகிறோம். 1943-ல் தேனி மாவட்டமே கிடையாது. மதுரை மாவட்டத்தைப் பிரித்துத் தேனி மாவட்டம் உருவானது 1996-ல்தான். அவர் பிறந்தபோது பண்ணைப்புரம் சென்னை மாகாணத்தின் மதுரை மாவட்டத்தில் இருந்தது. ‘இன்றைய தேனி மாவட்டத்தில் உள்ள’ என்று சேர்த்தால் போதும், வாக்கியம் சரியாகிவிடும்.

நம் காலத்தில் வாழ்கிற, நூற்றுக்கணக்கான பேட்டிகள் கொடுத்த ஒருவருக்கே இந்த நிலை. 1910-ல் பிறந்தவருக்கு எப்படி இருக்கும்?

மாயவரத்துப் பையன்

பாகவதர் பிறந்தது 1910 மார்ச் 1, மாயவரத்தில். இங்கும் அதே மாவட்டப் பிரச்னைதான். அன்று அது தஞ்சாவூர் மாவட்டம். மயிலாடுதுறை தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2020 டிசம்பரில். பெயருக்கு முன்னால் இருக்கும் ‘எம்.கே.’ என்பது மாயவரம் கிருஷ்ணமூர்த்தி. அப்பா கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி, பொற்கொல்லர் குடும்பம். தம்பி எம்.கே.கோவிந்தராஜ பாகவதரும் பாடகர்தான். பழைய பத்திரிகைகளில் வெறும் ‘எம்.கே. பாகவதர்’ என்று பார்த்தால் யார் என்று ஒருமுறை உறுதி செய்துகொள்வது நல்லது.

குடும்பம் பிழைப்புத் தேடித் திருச்சிக்குப் போனது. பையனுக்குப் படிப்பில் மனம் ஒட்டவில்லை, பாட்டில் ஒட்டியது. திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்தவர் எஃப்.ஜி.நடேச ஐயர். நாடகப் பித்து பிடித்தவர். ரசிக ரஞ்சன சபாவை உருவாக்கியவர். அவர் கண்ணில் இந்தப் பையன் பட்டான். சுமார் பத்து வயதில் ‘ஹரிச்சந்திரா’ நாடகத்தில் லோகிதாசன் வேஷம். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

பிறகு முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்றார். அந்தக் கால நாடகத்தில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் குரல் கேட்க வேண்டும். அதனால் உச்ச ஸ்தாயியில் நின்று பாடும் பழக்கம் அந்தத் தலைமுறைப் பாடகர்கள் எல்லோருக்கும் இருந்தது. பாகவதருக்கு அது இயல்பாகவே வந்தது. ‘பவளக்கொடி’ நாடகத்தில் அவர் அர்ஜுனன், எஸ்.டி.சுப்புலட்சுமி பவளக்கொடி. ஊர் ஊராக இந்த ஜோடிக்குக் கூட்டம்.

நாடகம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அதையே படமாக்கினார்கள். 1934-ல் கே.சுப்ரமணியம் இயக்கத்தில் ‘பவளக்கொடி’ வெளியானது. தமிழில் பேசும் படம் வந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. படத்தில் ஏறக்குறைய 50 பாட்டு என்று சொல்வார்கள். இன்றைக்கு ஒரு வெப் சீரிஸ் சீசனையே அதற்குள் முடித்துவிடலாம்.

மதுரையில் ஒரு தியேட்டர் எழுந்தது

1936-ல் ‘நவீன சாரங்கதாரா’, ‘சத்தியசீலன்’. 1937-ல் இரண்டு பெரிய வெற்றிகள். முதலாவது ‘சிந்தாமணி’. ஒய்.வி.ராவ் இயக்கம், அஸ்வத்தம்மா கதாநாயகி, பாட்டு பாபநாசம் சிவன். ஒரே தியேட்டரில் ஓராண்டுக்கு மேல் ஓடிய முதல் தமிழ்ப் படம் என்று இதைச் சொல்கிறார்கள்.

இந்த வெற்றிக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு சான்றும் இருந்தது. படத்தைத் தயாரித்த ராயல் டாக்கீஸ்காரர்கள், கிடைத்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டினார்கள். பெயர் ‘சிந்தாமணி’. கம்பம், போடி, உத்தமபாளையம் எல்லாம் மதுரை மாவட்டமாக இருந்த காலத்தில், துணி எடுக்கவோ ஆஸ்பத்திரிக்கோ மதுரைக்குப் போன பெரியவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகவே தெரியும். இன்று தியேட்டர் இல்லை. ஆனால் ஒரு படம் ‘சூப்பர் ஹிட்’ என்று எழுதுவதைவிட, அதன் லாபத்தில் ஒரு தியேட்டர் கட்டப்பட்டது என்று எழுதுவது உறுதியான தகவல். முதலாவது அபிப்ராயம். இரண்டாவதை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

அதே ஆண்டின் இரண்டாவது வெற்றி ‘அம்பிகாபதி’. இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர். ஓஹையோ மாநிலத்தில் பிறந்தவர், தமிழ் தெரியாது. வசனம் இளங்கோவன். தொடர்ந்து 1939-ல் ‘திருநீலகண்டர்’, 1941-ல் ‘அசோக்குமார்’, 1943-ல் ‘சிவகவி’. ‘அசோக்குமார்’ படத்தில் சிறு வேடத்தில் வந்த ஒரு இளைஞரின் பெயர் எம்.ஜி.ராமச்சந்திரன்.

பாகவதர் தலைமுடியை எப்படி வளர்த்தாரோ அப்படியே ஊரில் பையன்கள் வளர்த்தார்கள். அதற்கு ‘பாகவதர் கிராப்பு’ என்றே பெயர் வந்தது. அந்தச் சொல் இன்றும் தமிழில் இருக்கிறது. அவர் தங்கத் தட்டில் சாப்பிட்டார், அதை ஆற்றில் எறிந்தார் என்பது போன்ற கதைகளும் அவரோடு சேர்ந்தே வருகின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். கிராப்புக்குப் புகைப்படம் இருக்கிறது, சினிமா இருக்கிறது, அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களின் எழுத்து இருக்கிறது. தங்கத் தட்டு ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டதாக மட்டுமே வருகிறது. என்சைக்ளோபீடியாவில் முதலாவதைத் தகவலாக எழுதலாம். இரண்டாவதை எழுதியே ஆக வேண்டும் என்றால், இப்படி ஒரு கதை உண்டு என்று மட்டும்தான் எழுதலாம்.

மூன்று தீபாவளி என்றால் மூன்று வருஷமா?

இப்போது ‘ஹரிதாஸ்’ கணக்குக்கு வருவோம். சுந்தர் ராவ் நட்கர்ணி இயக்கிய இந்தப் படம் 1944 அக்டோபர் 16, தீபாவளி அன்று வெளியானது. சென்னை பிராட்வே தியேட்டரில் 1944, 1945, 1946 என மூன்று தீபாவளிகளைக் கண்டது. இதுதான் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் செய்தி.

மூன்று தீபாவளி என்றதும் மூன்று வருஷம் என்று காதில் விழுகிறது. ஆனால் முதல் தீபாவளி அன்றே ரிலீஸ். அதனால் மூன்றாவது தீபாவளியைத் தொட இரண்டு வருஷமும் ஒரு வாரமும் போதும். 1946 தீபாவளி அக்டோபர் பிற்பகுதியில் வந்தது. அதாவது சுமார் 105 வாரம். மொபைலில் இருக்கும் கால்குலேட்டரே இதற்குப் போதும்.

* 110 வாரம் என்றால் படம் 1946 நவம்பர் கடைசி வரை ஓடியிருக்கும்.
* 114 வாரம் என்றால் 1946 டிசம்பர் பின்பகுதி வரை.
* 133 வாரம் என்றால் 1947 மே முதல் வாரம் வரை.

மூன்று எண்ணுமே மூன்று தீபாவளியைத் தாண்டுகின்றன. ஆனால் 133-ல் ஒரு சங்கடம் இருக்கிறது. அது என்ன என்று புரிய, படம் ரிலீஸான நாலாவது வாரத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

ஒரு மஞ்சள் பத்திரிகையும் ஒரு கொலையும்

சி.என்.லட்சுமிகாந்தன். போர்ஜரி வழக்கில் தண்டனை பெற்று அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் அந்தமானைப் பிடித்த பிறகு வெளியே வந்தார். 1943-ல் ‘சினிமா தூது’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதில் வந்ததெல்லாம் நடிகர், நடிகைகளின் அந்தரங்கம் என்ற பெயரில் வதந்திகள். யார் சொன்னது, ஆதாரம் என்ன என்ற கேள்விக்கே இடமில்லை. பெயர் வராமல் இருக்கப் பணம் கொடுத்தவர்களும் உண்டு என்று சொல்லப்படுகிறது. பத்திரிகை நன்றாக விற்றது.

பாகவதர், நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணன், கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள். பத்திரிகையின் லைசென்ஸ் ரத்தானது. லட்சுமிகாந்தன் விடவில்லை. ‘இந்துநேசன்’ என்ற வேறு பெயரில் அதே வேலையைத் தொடர்ந்தார்.

1944 நவம்பர் 8. சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். ஸ்ரீராமுலு நாயுடு மீதும் வழக்கு. கொலைக்குச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

‘ஹரிதாஸ்’ ஹவுஸ்ஃபுல்லாக ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் ஹீரோ கைதானார். அட்வான்ஸ் கொடுத்துக் காத்திருந்த தயாரிப்பாளர்கள் வேறு நடிகர்களைத் தேடிப் போனார்கள்.

யார் விடுதலை செய்தது?

இணையத்தில் அதிகம் தப்பாக வருவது இந்தப் பகுதிதான். அதனால் வரிசையாகப் பார்ப்போம்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரி முறையில் நடந்தது. 1945 மே 3-ல் தீர்ப்பு. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை. பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடு தோற்றது. அடுத்து லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போனார்கள். இந்தியா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததால் கடைசி நீதிமன்றம் அதுதான்.

‘லண்டன் கோர்ட் விடுதலை செய்தது’ என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது தப்பு. பிரிவி கவுன்சில், மேல்முறையீட்டை மறுபடியும் விசாரிக்கச் சொல்லி சென்னைக்கே அனுப்பியது. அதன்பிறகு சென்னை உயர் நீதிமன்றம்தான் 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வர நாலு மாதம்கூட இல்லை.

இன்னொரு எண் ‘முப்பது மாதம் சிறை’. 1944 டிசம்பரில் கைது, 1947 ஏப்ரலில் விடுதலை. நடுவில் இருப்பதே 28 மாதம்தான். ‘இரண்டரை வருஷம்’ என்று பேச்சுவாக்கில் யாரோ சொன்னதை, பிறகு வந்தவர் மாதமாக மாற்றியிருக்க வேண்டும். 28 முப்பதாவது இப்படித்தான். இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் தகவல் கெட்டுப்போகிறது.

இப்போது 133 வாரக் கணக்குக்குத் திரும்பலாம். அது உண்மையாக இருந்தால், பாகவதர் விடுதலையாகி வெளியே வந்த நாளில் ‘ஹரிதாஸ்’ பிராட்வேயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்திருக்கும். தன்னுடைய பழைய படம் ஓடும் தியேட்டர் இருக்கும் ஊரில் அந்த ஹீரோ விடுதலை ஆகிறார்! இதைவிடப் பெரிய சினிமாச் செய்தி அந்த வருஷம் இருந்திருக்க முடியாது. பாகவதர் கதையைச் சொல்கிற எல்லோரும் இந்தக் காட்சியைச் சொல்லியிருப்பார்கள். வழக்கமாகச் சொல்லப்படும் கதையில் அப்படி ஒரு காட்சியே இல்லை. அதனால் 110, 114 என்ற எண்களோடு ஒப்பிட்டால் 133 பலவீனமாக நிற்கிறது.

இதை முடிவாகச் சொல்ல ஒரே வழி, அந்த மாதங்களின் நாளிதழ்களில் வந்த தியேட்டர் விளம்பரங்களை நாள் வாரியாகப் பார்ப்பது. அதுவரை என்சைக்ளோபீடியாவில் எழுதுகிறவர் செய்ய வேண்டியது, மூன்று தீபாவளிகள் கண்டது என்ற உறுதியான வரியை முன்னால் வைத்துவிட்டு, எந்த நூல் எந்த எண்ணைத் தருகிறது என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுவதுதான்.

வெளியே வந்த பிறகு

சிறைக்குப் பிறகு பாகவதர் நடிக்கவே இல்லை என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. அதுவும் சரியில்லை. அவர் நடித்தது மொத்தம் 14 படங்கள். ‘பவளக்கொடி’யில் இருந்து ‘ஹரிதாஸ்’ வரை ஒன்பது. விடுதலைக்குப் பின் ஐந்து: 1948-ல் ‘ராஜமுக்தி’, 1952-ல் ‘அமரகவி’, ‘சியாமளா’, 1957-ல் ‘புதுவாழ்வு’, அவர் இறந்த பிறகு 1960-ல் வெளியான ‘சிவகாமி’.

நடித்தார். ஆனால் ஓடவில்லை. காரணம் வழக்கு மட்டும்தானா என்பது விவாதத்துக்குரிய கேள்வி. காலமும் மாறியிருந்தது. ‘அமரகவி’ வந்த அதே 1952-ல்தான் ‘பராசக்தி’ வந்தது. ஜனங்கள் தியேட்டரில் பாட்டுக்குப் பதில் வசனத்துக்குக் கைதட்டத் தொடங்கியிருந்தார்கள். பின்னணிப் பாடகர்கள் வந்துவிட்டதால், ஹீரோவுக்குப் பாடத் தெரிய வேண்டும் என்ற கட்டாயமும் போனது. என்.எஸ்.கிருஷ்ணன் அதே சிறையில் இருந்து அதே நாளில் வந்து, மறுபடியும் பிஸியான நடிகரானார். வழக்குதான் பாகவதரை வீழ்த்தியது என்று ஒரே வரியில் முடிக்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கச்சேரி மேடை மட்டும் அவரைக் கைவிடவில்லை. கடைசிவரை பாடினார். நீரிழிவு உள்ளிட்ட நோய்கள் உடம்பை உருக்கின. 1959 நவம்பர் 1-ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 49. லட்சுமிகாந்தன் இறந்ததும் அதே ஆஸ்பத்திரிதான். உடல் திருச்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டு சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பிற்பாடு தமிழக அரசு திருச்சியில் அவருக்கு மணிமண்டபமும் கட்டியது.

லட்சுமிகாந்தனைக் கொல்லச் சொன்னது யார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. அதனால் பாகவதரைப் பற்றி எழுதும்போது எழுதக்கூடியது இவ்வளவுதான்: குற்றம் சாட்டப்பட்டார், தண்டிக்கப்பட்டார், மேல்முறையீட்டில் விடுதலையானார். மூன்றில் ஒன்றை விட்டாலும் வாக்கியம் பொய்யாகிவிடும். இறந்தவர் அவதூறு வழக்குப் போட முடியாது. அதனாலேயே எழுதுகிறவருக்குப் பொறுப்பு அதிகம்.

சரி, எதை நம்பலாம்?

தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் இருந்து இயங்குகிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். ஆனால் விதி ஒன்று உண்டு. எழுதுகிறவருக்குத் தெரிந்தது உண்மையாகவே இருந்தாலும், அதை வேறொருவர் போய்ச் சரிபார்க்க ஒரு வெளியான ஆதாரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாக்கியத்துக்குப் பின்னால் ‘சான்று தேவை’ என்று ஒட்டிவிடுவார்கள். பாகவதர் போன்ற ஒருவருக்கு ஆதாரங்கள் பல தரத்தில் கிடைக்கின்றன.

அந்தக் காலத்திலேயே அச்சானவை: நாளிதழ் செய்தி, தியேட்டர் விளம்பரம், படத்தோடு விற்ற பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு லேபிள், கோர்ட் தீர்ப்பு. தேதிக்கும் பெயருக்கும் இவை பலமான சாட்சி. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய அச்சுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் விளம்பரத்தில் வரும் ‘மகத்தான வெற்றி’ என்பது தயாரிப்பாளர் சொல்வது. அதைத் தகவலாக எடுக்கக் கூடாது.

ஆய்வாளர்கள் எழுதியவை: திரைப்பட வரலாற்றுக்கு சு.தியடோர் பாஸ்கரன், லட்சுமிகாந்தன் வழக்கு பற்றி நிறைய எழுதிய ராண்டார் கை, படப் பட்டியல்களைத் தொகுத்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். விக்கிப்பீடியா பெரிதும் விரும்புவது இந்த வகையைத்தான். ஏற்கெனவே ஒருவர் பல ஆவணங்களைப் பார்த்து எடைபோட்டிருக்கிறார். இவர்களுக்குள்ளும் எண்கள் முரண்படலாம். அப்போது இரண்டையும் பெயரோடு தர வேண்டும்.

அபிமானத்தில் எழுதியவை: எழுத்தாளர் விந்தனின் ‘எம்.கே.டி. பாகவதர் கதை’ போன்ற வாழ்க்கை நூல்கள், உடன் இருந்தவர்களின் நினைவுகள். மனிதர் எப்படி இருந்தார் என்று தெரிந்துகொள்ள இவற்றை விட்டால் வழியில்லை. சம்பளம், சொத்து, வாரக் கணக்கு போன்றவற்றை மட்டும் வேறு இடத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை: ஆபத்து இங்கேதான். யாரோ ஒருவர் விக்கிப்பீடியாவில் ஆதாரமில்லாமல் 133 என்று போடுகிறார். ஒரு இணையதளம் அதை எடுத்து எழுதுகிறது. அடுத்து வருகிறவர் அந்த இணையதளத்தையே விக்கிப்பீடியாவில் ஆதாரமாகச் சேர்க்கிறார். பார்க்க இரண்டு சாட்சி. உண்மையில் ஒன்றுகூட இல்லை. பத்து இடத்தில் ஒரே வாக்கியம் வார்த்தை மாறாமல் வந்தால் பத்து ஆதாரம் என்று நினைக்காதீர்கள். பத்தும் ஒரே இடத்தில் இருந்து காப்பி ஆகியிருக்கலாம்.

இந்த நாலையும் தாண்டி மொபைலிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. தேதிகளை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்ப்பது. முப்பது மாதமும் 133 வாரமும் மாட்டியது அப்படித்தான். அதற்கு ஆர்க்கைவ் எதற்கும் போக வேண்டியதில்லை.

பள்ளத்தாக்குக்கு மிச்சம் இருக்கும் வேலை

பாகவதருக்காவது படங்கள் இருக்கின்றன, இசைத்தட்டு இருக்கிறது, கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கிலேயே ஒரு பெரிய பாடகர் இருந்தார். பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன். இளையராஜாவின் மூத்த அண்ணன். கம்யூனிஸ்ட் இயக்க மேடைகளில் ஹார்மோனியத்தோடு பாடியவர். தம்பிகள் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் மூவரும் அவர் குழுவில்தான் மேடை ஏறப் பழகினார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம், 1958-ல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல். தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். பாவலர் அங்கே போய்ப் பாடினார். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். தேர்தலும் வெற்றியும் அரசாங்க ரெக்கார்டில் இருக்கின்றன. அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது, தம்பிகளும் இயக்கத்தவர்களும் ஊர்க்காரர்களும் சொல்லிச் சொல்லி நிற்கிற செய்தி. மேடையில் பாடிய பாட்டு காற்றோடு போகிறது. கேட்டவர்களுக்கு இன்று எண்பது வயதுக்கு மேல்.

தேனியிலோ போடியிலோ ஒரு வீட்டின் டிரங்குப் பெட்டியில் பழைய கூட்ட நோட்டீஸ் இருக்கலாம், பாட்டுப் புத்தகம் இருக்கலாம், கட்சிப் பத்திரிகை இருக்கலாம். அதை இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, அசலை ஒரு நூலகத்திடம் கொடுத்தால் போதும். விக்கிப்பீடியாவில் பக்கம் எழுதுவது அதற்கு அடுத்த வேலை. தாத்தாவோ பாட்டியோ கேட்ட பாட்டைப் பற்றிச் சொன்னால், யார் சொன்னது, எந்த ஊர், எந்த வருஷம் என்று சேர்த்துப் பதிவு செய்யுங்கள். இன்று விட்டுவிட்டால், இன்னும் ஐம்பது வருஷம் கழித்து பாவலருக்கும் ஒரு ‘133 வாரம்’ முளைக்கும். அதைச் சரிபார்க்க அப்போது தியேட்டர் விளம்பரம்கூட இருக்காது.